வாடைக்காலக் குறிப்புகள்: நல்லெண்ணெயும் வடதுருவக் குளிரும்

மார்கழி 4

போட்ஸ்பியோர்ட்டில் சூரியன் உதிக்காத காலம் தொடங்கி இரண்டு கிழமையாகிறது. நோர்வேயின் வடக்கு விளிம்பில், பேரன்ட்ஸ் கடலோரத்தில் இருக்கும் அந்த ஊருக்கு, எண்பதுகளில் மீன் தொழிற்சாலை வேலைக்கென்று போன நம்மவர்களின் வழியிலேயே தங்கச்சியும் போய்ச் சேர்ந்தவள். இன்று மாலை நாலரைக்கு, அதாவது அங்கே நண்பகலில், காணொளி அழைப்பில் கைகளைக் காட்டினாள். விரல் மடிப்புகளில் சிவந்த வெடிப்புகள்; விரல் மூட்டுகளைச் சுற்றி மாப் பூசியதுபோல் வெளிறிய தோல். பனிப்புயல் அடித்தால் ஊரை வெளியுலகோடு இணைக்கும் மலைவீதியையே மூடிவிடுவார்களாம். ஆகையால் உடம்பைப் பேணுவதென்றால் வீட்டுக்குள்ளேதான். "அம்மா செய்யிற மாதிரி ஏதாவது சொல்லுங்கோ அக்கா" என்றாள்.

மார்கழி 5

முழுக்கு என்றால் நமக்குத் தெரிந்தது ஒரே முறைதான்: தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, சற்று ஊறவிட்டு, அவித்த தேசிக்காயும் பயற்றமாவும் போட்டுப் பிசுக்குப் போக உரஞ்சி, சுடுதண்ணீர் வார்ப்பது. மாரியில் காற்றே ஈரமாயிருக்கும் திருகோணமலைக்கு அது பொருந்தும். கொடியில் போட்ட சட்டையே இரண்டு நாளாகியும் காயாத ஊரில் தோல் எங்கே காயப் போகிறது? அங்கே நிலைமை நேர்மாறானது. பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகைக் குளிரில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 2 கிராம் நீராவியையே கொள்ளும். அதே காற்றை வீட்டுக்குள் 22 பாகைக்குச் சூடாக்கும்போது 19 கிராம் வரை கொள்ளத் தக்கதாகிவிடுவதால், குறைப்பட்ட நீரை மரத் தளபாடத்திலிருந்தும் மனிதத் தோலிலிருந்தும் அது உறிஞ்சிக்கொள்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் பயற்றமாவும் தேசிக்காயும் மிஞ்சியிருக்கும் கொஞ்ச நெய்ப்பையும் வழித்தெடுத்துவிடும். வெடித்த விரலில் தேசிப்புளி பட்டால் எரிவு வேறு.

மார்கழி 8

வேலை முடிந்து வந்ததும் தோல் சிவக்கும்வரை கொதிநீரின் கீழ் நிற்பதுதான் தன் ஒரே சுகம் என்கிறாள். திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளிக்குமேல் வாளியாக அள்ளி வார்த்தவளுக்கு அந்த ஆசை இருப்பதில் வியப்பில்லை. ஆனால் கன்னியாவின் ஏழு கிணறுகளும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் இருந்தாலும், உடம்பு தாங்கும் சூடுதான். குளித்துவிட்டு ஈரக் காற்றில் நடந்து வருவோம். கொதிநீரோ தோலின் இயற்கையான எண்ணெயைக் கரைத்துவிடும். இளஞ்சூட்டில் பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள் என்றேன். முகம் சுருங்கிற்று.

மார்கழி 12

முறை ஒருவாறு உருப்பட்டுவிட்டது. குளிக்குமுன் இளஞ்சூடான நல்லெண்ணெய் தேய்ப்பதை விடவேண்டாம்; உடம்புக்கு மா போடாமல், வாசனையற்ற மென்மையான சவர்க்காரத்தை வேண்டிய இடத்துக்கு மட்டும் போட்டு, துவாயால் ஒற்றி, ஈரம் முழுதாக உலருமுன்பே மறுபடியும் சில துளி எண்ணெய் பூச வேண்டும். நம் ஊரில் அந்தக் கடைசிப் பூச்சுக்கு இடமே இல்லை. அங்கே அதுவே முக்கியம். வெடித்த விரல்களுக்கு எண்ணெய் போதாது. இரவில் தடிப்பாக வாசலின் பூசி, பருத்திக் கையுறையோடு படுக்கட்டும். தொழிற்சாலையிலும் றப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை இருக்கட்டும்.

சந்தையில் செக்கு நல்லெண்ணெய் வாங்கிவிட்டேன். தேங்காயெண்ணெய் அனுப்பச் சொல்லிப் பக்கத்து வீட்டு மாமி வற்புறுத்துகிறார்; 24 பாகைக்குக் கீழ் உறையும் அது மார்கழி விடியலில் இங்கேயே போத்தலுக்குள் கட்டிபடத் தொடங்குகிறது, அங்கே கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நல்லெண்ணெய் அறைக்குள் ஒருபோதும் உறையாது. மீனெண்ணெய் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் இல்லாத மாதங்களில் உயிர்ச்சத்து டி வேண்டி நோர்வேக்காரர் தினமும் ஒரு கரண்டி குடிப்பதை அவளும் பழகிவிட்டாள்.

மார்கழி 23

பொதி இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கே கிடைத்த எள்ளெண்ணெயைக் கொண்டே தொடங்கியிருக்கிறாள். வறுத்த எள்ளில் எடுத்தது வேண்டாம், சமையல் மணம் போகாது என்று முன்பே சொல்லியிருந்தேன். விரல் மூட்டுகளில் வெளிறல் குறைந்திருக்கிறது. பெருவிரல் வெடிப்பு மட்டும் இன்னும் மூடவில்லை, அது நீடித்தால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். தேசிக்காய் இல்லாமல் முழுகினால் முழுகின மாதிரியே இல்லை என்று குறைப்பட்டாள். தலைக்கு மட்டும், அதுவும் கிழமைக்கு ஒருமுறை, கையுறை போட்டுக்கொண்டு தேய்க்கலாம் என்று விட்டுக்கொடுத்தேன்.