75 பந்துகளுக்குப் பிறகு

ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் மைதானத்துக்குள் நடந்து வந்து என் மகனின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டபோது, வேலிக்கு இப்பால் மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்த எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. சியாட்டிலுக்குக் கிழக்கே உள்ள இசக்வாவில், ஒரு சனிக்கிழமை காலை நடந்த சிறுவர் பேஸ்பால் ஆட்டம் அது. இன்னும் ஒருவனை வெளியேற்றினால் அந்த இன்னிங்ஸ் முடிந்துவிடும். பையனின் கை அன்று அவ்வளவு அழகாகச் சுழன்றுகொண்டிருந்தது. சுற்றியிருந்த பெற்றோர்கள் கைதட்டி அவனை வழியனுப்பினார்கள். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. பிள்ளையைப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டதைப் போலிருந்தது.

காரணம் கேட்டேன். எண்ணிக்கை முடிந்துவிட்டது என்றார் பயிற்சியாளர். சிறுவர் பேஸ்பாலை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பின் விதிப்படி ஒன்பது, பத்து வயதுச் சிறுவர்கள் ஒரு நாளில் 75 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 66 பந்துகளைத் தொட்டுவிட்டால் அடுத்த நான்கு நாள்களுக்கு அவர்களைப் பிட்சராக, அதாவது பந்தெறிபவராக, இறக்கவும் கூடாது. ஒவ்வொரு பந்துக்கும் ஒருவர் கையிலுள்ள சிறு கருவியை அழுத்தி எண்ணிக்கொண்டே இருக்கிறார். மகனுக்கு வருத்தம் ஏதும் இல்லை. அவன் தோழர்களோடு உட்கார்ந்து சூரியகாந்தி விதைகளைக் கொறித்து, யார் தோலை அதிக தூரம் துப்புவது என்ற போட்டியில் முழுமனதோடு இறங்கிவிட்டான். "உங்கள் பையனின் கை இன்றைய ஆட்டத்துக்கு மட்டுமானதில்லையே" என்றார் பயிற்சியாளர். பிறகு, மெல் ஸ்டாட்டில்மையரைத் தெரியுமா, இந்தப் பக்கத்தில்தான் வாழ்ந்தார் என்றும் கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பாளையங்கோட்டையில் வளர்ந்தவனுக்கு, நன்றாக வீசுகிறவனிடமிருந்து பந்தை வாங்குவது என்பதே புரியாத செயல். கை சூடேறியிருக்கும்போது அவனை நிறுத்துவதாவது! எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். வ.உ.சி. மைதானத்தில் அவர் ஓடி வரும்போது, எதிரணிக்காரர்கள் தங்கள் மட்டையாளரைப் பார்க்காமல் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோடை விடுமுறைப் போட்டிகளில் காலையில் ஓர் ஆட்டம், மதியம் ஓர் ஆட்டம், வெளிச்சம் மங்கும் வரை இன்னொன்று என்று வீசுவார். இடையிடையே தோளில் அயோடெக்ஸ் தேய்த்துவிடுவது எங்களைப் போன்ற பொடியன்களின் வேலை. "இன்னும் ஒரு ஓவர் போடுங்கண்ணே" என்று நாங்கள் எல்லோரும் கேட்டோம், அவரும் மறுத்ததில்லை. ஒரு கோடைக்குப் பிறகு அவரால் தலைக்கு மேல் கையைத் தூக்க முடியவில்லை. அப்பாவின் அரிசிக் கடையில் கணக்கெழுத உட்கார்ந்துவிட்டார்.

அந்த அண்ணனின் நினைவோடுதான் ஸ்டாட்டில்மையரின் கதையைப் படிக்கத் தொடங்கினேன். அவர் வளர்ந்தது இதே வாஷிங்டன் மாநிலத்தில், யாக்கிமா பள்ளத்தாக்கிலுள்ள மேப்டன் என்ற சிற்றூரில். ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு அங்கே போய் வந்தோம். ஸ்னோகுவால்மி கணவாயைக் கடந்ததும் இந்தப் பக்கத்து மழையும் ஊசியிலைக் காடும் பின்தங்கி, வெயிலும் வறண்ட குன்றுகளும் வாய்க்கால் தண்ணீரில் விளையும் தோட்டங்களும் தொடங்குகின்றன. ஆரியங்காவிலிருந்து செங்கோட்டைக்கு இறங்குகிற நினைப்பில், நான் கொஞ்ச நேரம் பேசாமல் வண்டி ஓட்டினேன். இந்த நாட்டில் வேர்விட்டுவிட்டோம் என்று நண்பர்களிடம் உறுதியாகச் சொல்கிறவன்தான் நான். ஆனாலும் மலையைத் தாண்டி வறண்ட காற்று முகத்தில் பட்டால் மனம் குற்றாலத்துக்குப் போய்விடுகிறது.

மேப்டனிலிருந்து நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு அவர் போய்ச் சேர்ந்தது 1964 ஆகஸ்டில். அப்போது வயது 22. அவருடைய பந்து சிங்கர் வகை. மட்டையை நெருங்கும்போது சட்டென்று தாழ்வதால், அடிப்பவர் பந்தின் தலையில் தட்டிவிடுவார். பந்து தரையில் உருண்டு தடுப்பாளரின் கைக்குப் போகும். சீசன் பாதிக்கு மேல் கடந்த பிறகு வந்தவர், ஒன்பது ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டுமே தோற்றார். அந்த அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிரான உலகத் தொடரில், அதாவது அந்த ஆண்டின் கோப்பைக்கான இறுதித் தொடரில், இரண்டாம், ஐந்தாம், ஏழாம் ஆட்டங்களைத் தொடங்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. மூன்றிலும் எதிரே நின்றவர் பாப் கிப்சன். முதல் மோதலில் இளைஞர் வென்றார். ஏழாவது ஆட்டத்தையும் கோப்பையையும் கிப்சன் எடுத்துச் சென்றார்.

அதன் பிறகு அந்தப் பெரிய அணி சரிந்தது. 1966இல் யாங்கீஸ் கடைசி இடத்துக்கு இறங்கியபோது ஸ்டாட்டில்மையர் 20 ஆட்டங்களில் தோற்றார். 1965, 1968, 1969 என்று மூன்று சீசன்களில் இருபதும் அதற்கு மேலும் வென்றவரும் அவரே. 1969இல் மட்டும் 303 இன்னிங்ஸ் எறிந்தார் (பேஸ்பாலில் மூவரை வெளியேற்றினால் ஓர் இன்னிங்ஸ்). 24 ஆட்டங்களைத் தொடங்கித் தானே முடித்தும் வைத்தார். இன்று ஒரு பிட்சர் 200 இன்னிங்ஸைத் தொட்டாலே பெரிதாகப் பேசுகிறார்கள். 1974இல் தோள்பட்டையின் சுழல் தசைநார் கிழிந்தது. அடுத்த ஆண்டு வசந்தகாலப் பயிற்சியின்போது, உடல் தேற அவகாசம் உண்டு என்று நம்பியிருந்த அவரை அணி விடுவித்துவிட்டது. 164 வெற்றிகளோடு, 33 வயதில், எறிதல் முடிந்தது. அந்தக் கசப்பை அவர் நெடுங்காலம் சுமந்தார். அதில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால், கிழிந்த தோளோடு வீட்டுக்குப் போன மனிதரை இந்த நாட்டு பேஸ்பால் அரிசிக் கடையில் உட்கார விடவில்லை. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது இதுதான். பிட்சர்களுக்கென்றே தனியாக ஒரு பயிற்சியாளர் ஒவ்வொரு அணியிலும் உண்டு. அவரும் வீரர்களைப் போலவே சீருடை அணிந்திருப்பார். ஆட்டத்தின் நடுவே, பிட்சர் நின்று எறியும் மேடான மவுண்டுக்கு நடந்து போய், தடுமாறுகிறவனின் அருகே நின்று இரண்டு வார்த்தை பேசலாம். ஒரே இன்னிங்ஸில் அதே பிட்சரிடம் இரண்டாவது முறை போனால் அவரை மாற்றியாக வேண்டும் என்பதால், முதல் முறை பேசும் சொற்களை எண்ணித்தான் பேச வேண்டும். கிரிக்கெட்டில் இப்படி ஒரு காட்சியே கிடையாது. எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று கத்தத்தான் முடியும்; நாங்கள் அதையும் சிறப்பாகவே செய்தோம்.

1984 முதல் 1993 வரை ஸ்டாட்டில்மையர் நியூயார்க் மெட்ஸின் பிட்சிங் கோச். பத்தொன்பது வயதில் வந்து, மறு ஆண்டே 24 வெற்றி, 4 தோல்வி என்று ஊரைக் கலக்கிய ட்வைட் குடன் அவருடைய பொறுப்பில் இருந்தவர்தான். 1986இல் மெட்ஸ் உலகத் தொடரை வென்றது. அடுத்து ஹூஸ்டனில் இரண்டு ஆண்டுகள். 1996இல், அணி மேலாளர் ஜோ டோரியின் துணையாளராக, தன்னை விடுவித்த அதே யாங்கீஸுக்குத் திரும்பினார். வீரராகக் கிடைக்காத கோப்பை, 1996, 1998, 1999, 2000 என்று நான்கு முறை அவர் கைக்கு வந்தது.

அவர் பயிற்சியாளராகச் செய்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, ஒன்றைச் செய்யாமல் விட்டதுதான். 1997இல் யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேராவின் வேகப்பந்து திடீரென்று கடைசி நொடியில் பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. ரிவேரா அதைத் தேடிப் போகவில்லை; சக வீரரோடு பந்தைப் பிடித்து எறிந்து விளையாடும்போது தானாக வந்தது. நேராகப் போக வேண்டிய பந்து இப்படி விலகுகிறதே என்று ரிவேராவும் ஸ்டாட்டில்மையரும் பிடியை மாற்றி மாற்றி முயன்று பார்த்தார்கள். பந்து மசியவில்லை. சரி, அது போகிற போக்கில் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கட்டர் பந்துதான் இடக்கை ஆட்டக்காரர்களின் மட்டைகளை உடைத்து, ரிவேராவுக்கு 652 சேவ்களைத் தந்தது; அணி முந்தியிருக்கும் ஆட்டத்தைக் கடைசியில் வந்து காத்து முடிப்பதுதான் சேவ். தான் கற்ற முறைதான் சரி என்று பிடிவாதம் பிடிக்கும் ஆசிரியர்களிடம் அடிபட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு, இந்த விட்டுக்கொடுத்தலின் அருமை நன்றாகவே விளங்கும்.

இத்தனைக்கும் நடுவே அவர் சுமந்த துயரம் பெரிது. 1981இல் இளைய மகன் ஜேசன், பதினோரு வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தான். தம்பியைக் காப்பாற்ற எலும்பு மஜ்ஜை கொடுத்தவர் நடு மகன் டாட். அந்த டாடும் மூத்தவர் மெல் ஜூனியரும் பின்னாளில் அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் பிட்சர்களானார்கள். மூத்தவர் தந்தையைப் போலவே பிட்சிங் கோச்சும் ஆனார். 2000இல் ஸ்டாட்டில்மையருக்கே எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்பி, 2005 வரை யாங்கீஸில் இருந்தார். 2015 ஜூனில், முன்னாள் வீரர்கள் கூடும் நாளில், அவருக்கே தெரியாமல் ஏற்பாடு செய்து யாங்கீ மைதானத்தின் நினைவுப் பூங்காவில் அவர் பெயருக்கு ஒரு பட்டயம் வைத்தார்கள். 2019 ஜனவரி 13 அன்று அவர் காலமானார். அதே மாதம் 22ஆம் தேதி, வாக்களித்த ஒருவர் விடாமல் எல்லோருடைய ஆதரவையும் பெற்ற முதல் வீரராக ரிவேரா பேஸ்பால் புகழரங்கத்துக்குத் தேர்வானார். ஒன்பது நாள்கள் முந்திக்கொண்டது சாவு. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

நம் பக்கத்திலும் இப்படி நடந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியபோது, முதுகெலும்பு முறிவிலிருந்து மீண்டு வந்து வீசிய டென்னிஸ் லில்லி அங்கே கற்றுக்கொடுக்க வந்தார். இந்தியாவுக்கு ஆடிய நம் டி.ஏ. சேகர் அங்கேயே பயிற்சியாளராக நெடுநாள் உழைத்தார். ஆனால் அது சென்னை. பாளையங்கோட்டைத் தெருவில் உடைந்துபோன ஒரு தோளைத் தேடி யாரும் வரவில்லை. பந்தைத் தைத்த விளிம்பில் எந்த விரலை வைத்தால் அது உள்ளே திரும்பும் என்று அந்த அண்ணனுக்குத் தெரியும். அந்த அறிவு இன்னும் அவரிடமே இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

வருகிற டிசம்பரில் ஊருக்குப் போகும்போது மகனையும் ஒரு பேஸ்பாலையும் அரிசிக் கடைக்கு அழைத்துப் போவதாக இருக்கிறேன். தைப்பு வேறு, எறியும் முறையும் வேறு என்று அண்ணன் முதலில் தட்டிக்கழிப்பார். பந்து கைக்கு வந்துவிட்டால் கணக்கு நோட்டை மூடிவிடுவார் என்று எனக்குத் தெரியும். எத்தனை பந்து எறியலாம் என்பதை மட்டும் பையன் அவருக்குச் சொல்லிக்கொள்வான்.