செம்பில் பதிந்த இரண்டு குழிகள்

இரண்டு செம்புத் துண்டுகள் கொடுத்தார்கள். ஒன்று, உருளைகளுக்கு நடுவே குளிர்நிலையில் உருட்டி மெலிதாக்கிய தகடு. மற்றது அதே தகட்டிலிருந்து வெட்டி, உலையில் காய்ச்சி ஆறவைத்தது. இரண்டுக்கும் கடினத்தன்மையைக் காட்டும் விக்கர்ஸ் எண்ணைக் கண்டுபிடித்து, துண்டை இழுத்து நீட்டிப் பார்க்கும் இழுவைச் சோதனையின் முடிவோடு ஒப்பிட வேண்டும். இரண்டு நாளில் முடியும் என்று தொடங்கி மூன்று வாரம் ஆனது. கடினத்தன்மை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த மூன்று வாரத்தில்தான்.

செய்முறை எளிது. எதிரெதிர் முகங்களுக்கு இடையே 136 டிகிரி உள்ள வைரப் பிரமிடை 1 கிலோ சுமையில் அழுத்தி, 10 முதல் 15 விநாடி நிறுத்தி, எடுத்துவிட வேண்டும். சதுரமாகக் குழி விழும். அதன் இரண்டு மூலைவிட்டங்களையும் நுண்ணோக்கியில் அளந்து சராசரி எடுத்து, கிலோவில் உள்ள சுமையை மில்லிமீட்டரில் உள்ள அந்தச் சராசரியின் வர்க்கத்தால் வகுத்து, 1.8544 ஆல் பெருக்கினால் எண் வந்துவிடும். வர்க்கம் வருவதால் அளவில் 2 சதவீதம் பிசகினால் எண்ணில் 4 சதவீதம் பிசகும். கண் களைத்த பிறகு அளக்காதீர்கள்.

உருட்டிய துண்டில் மூலைவிட்டம் 130 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்), எண் 110. எத்தனை முறை அழுத்தினாலும் கிட்டத்தட்ட அதேதான். காய்ச்சிய துண்டில் முதல் குழி 193 மைக்ரான், எண் 50. பக்கத்தில் அடுத்தது 53. அதற்கடுத்தது 55. துண்டு ஒன்றுதான், எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. இயந்திரத்தைச் சந்தேகித்து, எண் குறிக்கப்பட்ட தரக் கட்டியில் அழுத்திப் பார்த்தேன். அது சரியாகவே காட்டியது.

தவறு என்னுடையது. குழிகளை 300 மைக்ரான் இடைவெளியில் வைத்திருந்தேன். செம்பு தட்டத் தட்ட இறுகும் உலோகம்; காய்ச்சிய செம்பு இன்னும் வேகமாக இறுகும். ஒரு குழி விழும்போது அதன் அடியிலும் சுற்றிலும் உள்ள செம்பு நகர்ந்து இறுகிவிடுகிறது. அடுத்த குழியை அந்த இறுகிய இடத்தில் போய் அழுத்தியிருக்கிறேன். செம்புக்கு மையத்துக்கு மையம் மூலைவிட்டத்தைப் போல மூன்று மடங்காவது இடம் விட வேண்டும். 600 மைக்ரான் விட்டதும் 50-இலேயே நின்றது. விளிம்பிலிருந்தும் இரண்டரை மடங்கு தள்ளியே அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் பக்கவாட்டில் பிதுங்கி எண் குறையும்.

அப்புறம்தான் குழியின் வடிவத்தையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். உருட்டிய துண்டில் சதுரத்தின் நான்கு பக்கங்களும் வெளியே உப்பியிருந்தன. ஓரத்தில் உலோகம் வரப்புப்போல எழும்பியிருந்தது. காய்ச்சிய துண்டில் பக்கங்கள் உள்ளே வளைந்திருந்தன; சுற்றியுள்ள பரப்பும் குழியோடு சேர்ந்து தாழ்ந்திருந்தது. காரணம் அழகானது. உருட்டிய செம்பு ஏற்கெனவே இறுகிவிட்டது, இனி இறுக அதிகம் இடமில்லை. அதனால் நகர்வது வைரத்தை ஒட்டியே நகர்ந்து, முகத்தோடு மேலேறி வருகிறது. காய்ச்சிய செம்பில் வைரத்தை ஒட்டிய பகுதி உடனே இறுகிவிடுகிறது; அழுத்தம் தள்ளியிருக்கும் மென்மையான பகுதிக்குப் போய் அதைக் கீழே இழுக்கிறது.

கடைசியில் ஒப்பீடு. கடினத்தன்மை, உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் இழுவிசையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்கும் என்று படித்திருந்தேன். வைரத்துக்கு அடியில் இருக்கும் உலோகத்தை நாலாபக்கமும் உள்ள உலோகம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு எல்லாப் பக்கமும் சமமாக அமுக்குவதிலேயே போய்விடுகிறது. அதனால் உலோகம் நகராது. மீதி ஒரு பங்குதான் நகர்த்துகிறது. விக்கர்ஸ் எண்ணை 9.8 ஆல் பெருக்கினால் அழுத்தத்தின் அலகான மெகாபாஸ்கலில் கிடைக்கும். உருட்டிய துண்டில் 110 என்றால் சுமார் 1080 மெகாபாஸ்கல், மூன்றில் ஒரு பங்கு 360. இழுவைச் சோதனையில் 345 வந்திருந்தது. நல்ல பொருத்தம். காய்ச்சிய துண்டில் 50 என்றால் 490, மூன்றில் ஒரு பங்கு 163. இழுவைச் சோதனையில் வந்ததோ வெறும் 60!

இரண்டு நாள் இதிலேயே கிடந்தேன். விடை இயற்பியலாளர் டேவிட் டேபர் 1951-இல் விளக்கியதில் இருந்தது. விக்கர்ஸ் பிரமிட் அழுத்தும்போதே உலோகத்தைச் சராசரியாக 8 சதவீதம் உருமாற்றிவிடுகிறது. ஆக நான் அளந்தது உலையிலிருந்து வந்த செம்பை அல்ல, வைரமே இறுக்கிய செம்பை. இழுவை வரைபடத்தைத் திறந்து 8 சதவீத நீட்சியில் விரலை வைத்தேன்: 150-க்குப் பக்கத்தில், அதாவது நான் கணக்கிட்ட 163-ஐ நெருங்கி. இருக்கையைவிட்டு எழுந்தே விட்டேன்.

அறிக்கையில் காய்ச்சிய துண்டுக்கு 60, 150 இரண்டையும் எழுதி, எது எந்த நீட்சியில் எடுத்தது என்று பக்கத்திலேயே குறித்தேன். உப்பிய சதுரம், உள்வளைந்த சதுரம் இரண்டின் படங்களையும் அட்டவணைக்கு மேலே ஒட்டினேன்.