மாந்தோப்பில் சூரிய நமஸ்காரம், அப்புறம் தீர்த்தமலை

பங்குனிக் கடைசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் முதலில் கண்ணை இழுப்பது புங்கமரம்தான். இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்ற மரம், வெயில் ஏறுகிற நேரத்தில் பளபளவென்று தளிர்விட்டு நிற்கும். சந்தூர் சாலையில் அதைத் தாண்டினால் மாந்தோப்பு, மறுபடி மாந்தோப்பு. கணக்குப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். மரங்கள் அதுவரை பொறுப்பதில்லை.

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மார்ச் மாதம் எங்களுக்கு எப்படிப் போகும் என்று கூட வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். கழுத்து இறுகிவிடும், படுத்தாலும் கண்ணுக்குள் ஃபைல்கள் ஓடும். ஏப்ரல் பிறந்ததும் யோகா பாயைச் சுருட்டிக்கொண்டு சந்தூரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

பனிக்காலத்தில் சேர்ந்த கபம் வெயில் ஏற ஏற இளகும், பசி மந்தமாகும், உடம்பு கனக்கும் என்று வசந்த காலத்தைப் பற்றி ஆயுர்வேதம் சொல்கிறது. அதற்கு அது சொல்லும் வழி: உடற்பயிற்சியைக் கூட்டு, இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் குறை, பகலில் தூங்காதே. என் உடம்பில் இது வருஷா வருஷம் நடப்பதைப் பார்க்கிறேன். வருஷம் பூராவும் யோகா செய்யலாம்தான். ஆனால் இந்தப் பருவத்தில் செய்கிற யோகா உடம்பில் பிடிக்கிற மாதிரி வேறெப்போதும் பிடிப்பதில்லை.

விடியும் முன்பே தோப்புக்குள் போய்விடுவேன். செந்தூரா மாமரத்தடியில் சருகைத் தள்ளிவிட்டுப் பாயை விரிப்பேன். சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளில், இடுப்பைத் தூக்கிக் கையும் காலும் தரையில் ஊன்றித் தலையைக் கவிழ்க்கும் இடத்தில் முகத்துக்கு நேர் கீழே மண்தான். ராத்திரி உதிர்ந்த பிஞ்சு ஒன்று அங்கே கிடந்தது. காம்பு முறிந்த இடத்தில் பால் கசிந்து, பட்ட தோலெல்லாம் கறுத்திருந்தது. அந்தப் பாலின் காரவாசனை மூக்கில் ஏற, எறும்பு ஒன்று அதைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தபடியே மூச்சை விட்டேன். ஜிம்மில் கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்தபோது இப்படி ஒரு மூச்சு எனக்கு வந்ததே இல்லை.

குனியும்போது மூச்சை விட வேண்டும், நிமிர்ந்து வளையும்போது இழுக்க வேண்டும். இது மட்டும் பிசகாமல் இருந்தால் வேகம் தானாகக் குறையும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் பலருக்குத் தெரியவே தெரியும். அதனால்தான் விடுகிற மூச்சை நீட்டினால் மனசு அடங்குகிறது. வந்த புதிதில் முட்டி மடக்காமல் என் உள்ளங்கை தரையைத் தொடவில்லை. கிளம்பும் முன் தொட்டுவிட்டது.

வேலியோரம் நின்று பார்த்த பெரியம்மா, "ஏன் கண்ணு, பட்டணத்துல மூச்சு விடக்கூட நேரமில்லையா?" என்றார்.

"இல்லைதான் பெரியம்மா."

மறுநாள் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் நாடிசுத்தி செய்தார், மூக்கின் ஒரு பக்கத்தை மூடி மறுபக்கம் மாற்றி மாற்றி மூச்சு விடும் பயிற்சி. அப்புறம் ராகிக் கூழ், சின்ன வெங்காயம், உப்பும் மிளகாயும் தடவிய மாம்பிஞ்சு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் பங்குனி விடியல்தான் இதம். ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். அதற்குமேல் கபாலபாதி மாதிரி வேகமான மூச்சுப் பயிற்சி வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை எப்போதுமே தவிர்க்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு சீதளி செய்யலாம். நாக்கைக் குழல்போல் மடித்துக் காற்றை உள்ளே இழுத்தால் தொண்டை வரை குளிர்ச்சி இறங்கும்.

ஒருநாள் ஊத்தங்கரை வழியாகத் தீர்த்தமலைக்குப் போனேன். அரூர் பக்கம், தருமபுரி மாவட்டம். அருணகிரிநாதர் பாடிய தலம். சிவ பூஜைக்கு நீர் வேண்டி ராமர் பாணம் விட்டதில் பாறையிலிருந்து தீர்த்தம் பொங்கியது என்பது தலபுராணம். இரண்டு படிக்கு மூச்சை இழுத்து மூன்று படிக்கு விட்டபடி ஏறினேன். இளைப்பு வந்தால் நின்றேன், நின்றபோதும் அந்தக் கணக்கை விடவில்லை. மேலே பாறை உச்சியிலிருந்து விழும் ராம தீர்த்தத்தில் தலையைக் காட்டியதும் தோள் இரண்டும் தாமாக இறங்கின. ஈரத் துணியோடு சம்மணமிட்டுச் சுகாசனத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். பிப்ரவரியிலிருந்து கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஃபைல்கள் ஒன்றுகூட வரவில்லை.

போகிறவர்கள் பங்குனியிலேயே போய்விடுங்கள். சித்திரை பாதி தாண்டினால் படிகள் காலைச் சுட்டுவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். மாற்றுத் துணி ஒன்று கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் தண்ணீரைப் பார்த்தபிறகு நனையாமல் வர முடியாது.