நாலு டிஸ்க், ஒரு பழைய கார்டு, பக்கத்தில் தறிக்கூடம்

வாரக் கடைசியில் வள்ளிக் கும்மி அரங்கேற்றம் படம் பிடிக்கப் போவேன். காசுக்கு இல்லை, ஆசைக்கு. பல்லடம், அவிநாசி, காங்கேயம், எங்கே நடந்தாலும் ரெண்டு கேமராவோடு ஆஜர். நொடிக்கு 100 மெகாபிட் வைத்து 4கே-யில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும். மூணு மணி நேரக் கும்மி, ரெண்டு கேமரா என்றால் ஒரே ராத்திரியில் 270 ஜிபி. தனித்தனி டிஸ்க்கில் போட்டு, மேலே மார்க்கரில் ஊர்ப் பேரை எழுதி அடுக்கி வைத்திருந்தேன். "அவிநாசி 2" என்று எழுதியிருந்த டிஸ்க் ஒரு நாள் டக் டக்கென்று சத்தம் போட்டு அடங்கிவிட்டது. அதில் எங்க சின்னம்மா ஆடின கும்மி இருந்தது. எந்த விசேஷத்தில் பார்த்தாலும் "என்ற ஆட்டம் எங்கடா கண்ணு?" என்று கேட்கிறார்.

அதனால்தான் ரெய்டு (RAID) 5: பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, அதில் ஒன்று செத்தாலும் தகவல் போகாமல் காக்கிற முறை. நாலு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டிபி. ஒரு டிஸ்க் அளவு போக 12 டிபி கிடைக்கும். விண்டோஸ் 1024-இல் வகுப்பதால் திரையில் 10.9 என்றுதான் காட்டும். எப்படி வேலை செய்கிறது என்று அப்பாவுக்குத் தறிக் கணக்கை வைத்துச் சொன்னேன். மூணு தறி ஓட்டின மீட்டரும் மொத்த மீட்டரும் நோட்டில் இருக்கிறது. ஒரு தறியின் கணக்கு அழிந்துபோனால் மொத்தத்தில் கழித்து எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? அந்த "மொத்தம்" என்பதுதான் பாரிட்டி. கூட்டலுக்குப் பதில் எக்ஸ்ஓஆர் என்கிற பிட் கணக்கு, அவ்வளவுதான். மொத்தத்தை ஒரே டிஸ்க்கில் வைக்காமல் நாலு டிஸ்க்கிலும் மாற்றி மாற்றி எழுதும். "அப்ப ரெண்டு தறிக் கணக்கு அழிஞ்சா?" என்றார். போச்சுங்கப்பா, என்றேன். பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூணு பேரும் 1988-இல் எழுதின கட்டுரையில் ரெய்டின் 'ஐ'-க்கு 'மலிவான' என்று அர்த்தம். பிறகுதான் அது 'தனித்தனியான' என்று மாறியது. நான் டிஸ்க் வாங்கின விலைக்கு மாற்றினதும் நியாயம்தான்.

இதற்குத் தனிக் கார்டு எதுக்கு, லினக்ஸில் சாஃப்ட்வேர் ரெய்டே போதும் என்று நண்பர்கள் சொன்னார்கள். சரிதான். ஆனால் எனக்கு, இந்த வேலையைச் செய்கிற ரெய்டு கார்டைக் கையில் பிடித்துப் பார்க்கணும். காந்திபுரம் பக்கம் பழைய சர்வர் பிரித்து விற்கிறவரிடம் எல்எஸ்ஐ 9260-8ஐ கார்டு 3,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 512 எம்பி கேஷ் (டிஸ்க்குக்குப் போகும் முன் தகவல் தங்குகிற நினைவகம்), டிஸ்க் கேபிளுக்கு ரெண்டு மினி-சாஸ் சாக்கெட். ஒரு சாக்கெட்டிலிருந்து நாலு டிஸ்க்குக்குக் கேபிள் பிரியும். எல்எஸ்ஐ கம்பெனியை 2014-இல் அவாகோ வாங்கி, 2016-இல் அவாகோவே பிராட்காம் என்று பேர் மாறிவிட்டதால் டிரைவரை பிராட்காம் தளத்தில் தேட வேண்டும்.

கார்டைச் செருகி ஆன் செய்தால் மானிட்டர் கருப்பு. கழற்றினால் கம்ப்யூட்டர் வருகிறது, போட்டால் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது. சர்வருக்குச் செய்த சில கார்டுகள் எஸ்எம்பஸ் என்கிற சின்ன லைன் வழியாகச் சாதாரண மதர்போர்டோடு மல்லுக்கு நிற்குமாம். அந்த லைன், கார்டைச் செருகுகிற விளிம்பில் சிப் இருக்கிற பக்கத்தில், பிராக்கெட் முனையிலிருந்து எண்ணினால் ஐந்தாவது, ஆறாவது தங்கப் பட்டை. அந்த ரெண்டை மட்டும் மூடினால் போதும். இன்சுலேஷன் டேப் தடிமனாக இருந்து சுருண்டுகொண்டது. மொபைல் சர்வீஸ் கடையில் மஞ்சள் நிற ஹீட் டேப் ஒரு துண்டு கேட்டு வாங்கி, பிளேடில் நூல் மாதிரி நறுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டினேன். மானிட்டர் வந்தது. கன்ட்ரோலும் எச்-சும் சேர்த்து அழுத்தினால் கார்டை அமைக்கிற வெப்பயாஸ் என்ற பழைய காலத்துத் திரை. டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, ஸ்ட்ரிப், அதாவது ஒரு டிஸ்க்கில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகிற துண்டின் அளவு, 256 கேபி வைத்து (பெரிய வீடியோ ஃபைல்தானே), டிஸ்க்கை முழுக்கத் துடைத்துத் தயார் செய்கிற முழு இனிஷியலைஸ் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் காப்பி செய்து பார்த்தால் நொடிக்கு 60 எம்பி. ஒத்தை டிஸ்க்கே இதைவிட வெரசாகப் போகும். காரணம் கார்டின் பேட்டரி. ரெய்டு 5-இல் சின்னதாக ஒன்றை எழுதவே நாலு வேலை: பழைய தகவலைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புதுத் தகவலை எழுது, புதுப் பாரிட்டியை எழுது. அதைக் கேஷில் வாங்கிச் சேர்த்து வைத்து எழுதுவதுதான் ரைட் பேக். நடுவில் கரண்ட் போனால் கேஷில் இருப்பது அழியாமல் காப்பது பேட்டரி. அது செத்திருந்தால் கார்டு தானாக ரைட் த்ரூவுக்கு இறங்கி, நேராக டிஸ்க்கில் எழுதும். பேட்டரி இல்லாமலே ரைட் பேக் போடு என்று ஒரு ஆப்ஷனும் உண்டு. சபலத்தில் அதைப் போட்டு, காப்பி ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். அடுத்த பூட்டில், கேஷில் இருந்த தகவல் போய்விட்டது என்று திரையிலேயே எழுதி நிறுத்திவிட்டது. எங்க ஊர் கரண்ட்டுக்கு அந்த ஆப்ஷன் ஆகாது. புது பேட்டரி 1,800 ரூபாய். சார்ஜ் ஏறினதும் வேகம் நொடிக்கு 340 எம்பி.

உண்மையான ஃபைல் எதையும் வைக்கும் முன், ஒரு டிஸ்க் செத்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட நினைத்தேன். ராத்திரி எட்டு மணிக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கின் டேட்டா கேபிளைப் பிடுங்கினேன். கார்டில் ஒரு பஸ்ஸர் இருக்கிறது. அது அப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்துத் தறிக்கூடத்தில் ஆறு தறி ஓடுகிற சத்தத்தையும் மீறி அம்மா ஓடி வந்தார்.

"ஏங்கண்ணு, அந்தப் பொட்டி என்னத்துக்கு இந்தக் கத்துக் கத்துது?"

"ஒரு டிஸ்க்கைப் புடுங்கிட்டேனுங்மா."

"நல்லா ஓடறத எதுக்குடா புடுங்குனே?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. அலாரத்தை சைலன்ஸ் செய்துவிட்டு வீடியோவைப் போட்டேன். ஒரு டிஸ்க் இல்லாமலே நிற்காமல் ஓடியது.

ஆனால் திரையில் பார்த்தபோது வயிறு கலங்கியது. நான் பிடுங்கினது கேபிளில் "பி1" என்று இருந்த டிஸ்க். போனதாகக் கார்டு காட்டியது ஸ்லாட் 3. கார்டு ஸ்லாட்டை 0-இலிருந்து 3 வரை எண்ணுகிறது; கேபிளின் வரிசையும் கார்டின் வரிசையும் தலைகீழ். நாளைக்கு நிஜமாகவே ஒன்று செத்து, எண்ணை நம்பி நல்ல டிஸ்க்கைக் கழற்றியிருந்தால் ரெண்டு தறிக் கணக்கும் காலி. அன்றைக்கே நாலு டிஸ்க்கின் சீரியல் நம்பரிலும் கடைசி நாலு எழுத்தை வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி, கேபினட்டைத் திறந்ததும் தெரிகிற மாதிரி ஒட்டினேன்.

கேபிளைத் திரும்பச் செருகினால் தானாகச் சேராது. வேறு கார்டிலிருந்து வந்த டிஸ்க் மாதிரி 'ஃபாரின்' என்று ஒதுக்கி வைக்கும். டிஸ்க்கில் இருந்த பழைய ரெய்டுக் குறிப்பை அழித்து, ஹாட் ஸ்பேர் (மாற்று டிஸ்க்) என்று அறிவித்ததும், போன தகவலைக் கணக்குப் போட்டுத் திரும்ப எழுதுகிற ரீபில்டு தொடங்கியது. காலை ஒன்பதரைக்குத்தான் முடிந்தது. அந்த நேரத்தில் இன்னொன்று போயிருந்தால் எல்லாம் போயிருக்கும் என்பதால், காங்கேயத்தில் அக்கா வீட்டு பீரோவில் தனியாக ஒரு காப்பி இருக்கிறது. மாதம் ஒரு தடவை போகும்போது புதுப்பிக்கிறேன். அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்காக அடிக்கடி புதுப்பிக்கலாம் போலிருக்கிறது.

இப்போதைய தலைவலி சூடு. சர்வருக்குள் ஃபேன் காற்று வேகமாக அடிக்கும் என்று நம்பிச் செய்த கார்டு. என் கேபினட்டில் அதன் ஹீட்சிங்க் மேல் விரலை வைக்க முடியவில்லை. ஒரு சின்ன ஃபேனைக் கேபிள் டை போட்டுக் கட்டினேன். மூணு வாரம் கழித்துத் திறந்தால், ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் தறிக்கூடத்துப் பஞ்சு படிந்து, இலவங்காய் வெடித்த மாதிரி இருந்தது. பெயிண்ட் பிரஷால் தட்டி எடுத்தேன். கேபினட் முன்னால் கொசுவலைத் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டியிருக்கிறேன். அம்மா பழைய வலையிலிருந்து கொடுத்தது. அடுத்த மாதம் திறந்து பார்க்க வேண்டும்.