சர்க்கரை கொடுத்தும் சர்க்கரை ஏறவில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஒரு மணிக்கு அப்பா சாப்பிட உட்கார்ந்து, வழக்கம்போல முதல் கவளத்தோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து சித்தப்பா வந்துவிட, பேச்சு சுவாரசியத்தில் நாலு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். இரண்டேகாலுக்கு அம்மா என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால் சட்டை முழுக்க வியர்வை, கை நடுங்குகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். குளுக்கோமீட்டரில் 58.

சர்க்கரை இறங்கினால் சர்க்கரை கொடுக்க வேண்டும், இது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதானே. ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் கலக்கிக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்து 61. இன்னொரு டம்ளர். 63. அதற்குள் எனக்கும் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. டாக்டருக்கு போன் போட்டேன். அவர் முதலில் கேட்டது மாத்திரையின் பெயரைத்தான். கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்தது. "சர்க்கரை வேண்டாம்மா, குளுக்கோஸ் பவுடர் வாங்கிக் கொடுங்க, உடனே" என்றார். தம்பி தெருமுனை மெடிக்கலுக்கு ஓடினான். கொடுத்த பதினைந்தாவது நிமிடம் 92.

நான் உயிர்வேதியியல் படித்தவள், இரண்டு வருடம் கல்லூரியில் கார்போஹைட்ரேட் பாடமே நடத்தியவள். அந்த மாத்திரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் மாத்திரையையும் சர்க்கரையையும் சேர்த்து யோசிக்கவில்லை. மாத்திரையை எழுதிக் கொடுத்தபோதும் யாரும் இதைச் சொல்லவில்லை. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறைய வீடுகளில் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

குளுக்கோஸ் ஒரு சின்ன மூலக்கூறு, 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். பழத்தில் இருக்கும் ஃப்ரக்டோஸுக்கும், பால் சர்க்கரையில் பாதியாக இருக்கும் கேலக்டோஸுக்கும் இதே கணக்குதான், அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. அதிலும் கேலக்டோஸில் நான்காவது கார்பனில் உள்ள ஒரே ஒரு ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். (எக்ஸ்ரேகூடக் கண்டுபிடிக்கப்படாத 1891-ல், வெறும் வேதிவினைகளை வைத்தே ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் குளுக்கோஸின் அமைப்பைச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்குச் சிலிர்க்கும்.) இவை மூன்றும் ஒற்றைச் சர்க்கரைகள். நம் சிறுகுடல் ஒற்றைகளை மட்டும்தான் ரத்தத்துக்குள் விடும். இரண்டு கைகோத்து வந்தால்கூட விடாது, வெட்டித் தனித்தனியாக்கினால்தான் வழி.

டப்பாவில் இருக்கும் சர்க்கரை, அதாவது சுக்ரோஸ், ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் கோத்த இரட்டைச் சர்க்கரை. பாலில் இருக்கும் லாக்டோஸ், கேலக்டோஸும் குளுக்கோஸும். அரிசி, கோதுமை, மரவள்ளி எல்லாவற்றிலும் இருக்கும் மாவுச்சத்து, ஆயிரக்கணக்கில் குளுக்கோஸ் கோத்த சங்கிலி. வகைப்பாடு என்று புத்தகத்தில் நாலு பக்கம் போகும், ஆனால் எத்தனை கோத்திருக்கிறது என்பதைவிட எப்படிக் கோத்திருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

குளுக்கோஸ் வளையமாக மூடிக்கொள்ளும்போது முதல் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் கீழ்ப்பக்கம் நின்றால் ஆல்ஃபா, மேல்பக்கம் நின்றால் பீட்டா. அன்றைக்கு அப்பா தட்டில் இருந்த சோறும் குளுக்கோஸ் சங்கிலிதான், அவர் கட்டியிருந்த பருத்தி வேட்டியும் குளுக்கோஸ் சங்கிலிதான். சோற்றில் ஆல்ஃபா பிணைப்பு, அதனால் சங்கிலி சுருள்சுருளாக வளைந்து தண்ணீரை உள்ளே விடுகிறது, வெந்தால் குழைகிறது. வேட்டியில் இருப்பது செல்லுலோஸ், பீட்டா பிணைப்பு, அதனால் சங்கிலிகள் நேராக நீண்டு ஒன்றோடொன்று இறுக ஒட்டி இழையாகிவிடுகின்றன. கீரைத் தண்டின் நாரும் இதே செல்லுலோஸ்தான். நம் உடம்பில் இதை வெட்ட நொதி (என்சைம்) கிடையாது. மாட்டுக்கும் சொந்தமாகக் கிடையாது, அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்துகொடுக்கின்றன.

சோற்றுக்கு வருவோம். வாயில் உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்கிவிடும், இரைப்பையின் அமிலத்தில் செயலிழந்து போகும், அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது. சிறுகுடலில் கணையத்தின் அமைலேஸ் வந்து மீதிச் சங்கிலியைத் துண்டுபோடும். ஆனால் அமைலேஸுக்குக் கடைசிவரை வெட்டத் தெரியாது. சங்கிலியில் கிளை பிரியும் இடத்தில் இருக்கும் பிணைப்பைத் தொடாது, இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த மால்டோஸை அப்படியே விட்டுவிடும். அந்தக் கடைசி வெட்டு நடப்பது குடல் சுவரிலேயே, செல்களின் மேல் பதிந்திருக்கும் நொதிகளால். மால்டோஸுக்கு மால்டேஸ், சுக்ரோஸுக்கு சுக்ரேஸ், கிளைக்கு ஐசோமால்டேஸ், லாக்டோஸுக்கு லாக்டேஸ். லாக்டேஸின் வேலையை மற்றவை செய்யாது. லாக்டேஸ் குறைந்தவர்களுக்குப் பால் குடித்தால் வயிறு உப்புவது இதனால்தான். துவரம்பருப்பு, கொண்டைக்கடலையில் இருக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளை வெட்டும் நொதி நம் சிறுகுடலில் யாருக்குமே இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியா அதைத் தின்று வாயுவாக்குகிறது. கடலை ஊறிய தண்ணீரைக் கொட்டச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது, இந்தச் சர்க்கரைகளில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

வெட்டி ஒற்றையானதும் குளுக்கோஸும் கேலக்டோஸும் சோடியத்தோடு சேர்ந்து ஒரே கதவு வழியாகச் செல்லுக்குள் போகின்றன, ஃப்ரக்டோஸுக்குத் தனிக் கதவு. ஓ.ஆர்.எஸ். பொடியில் உப்போடு குளுக்கோஸ் சேர்ப்பதும் இந்தக் கதவை நம்பித்தான். குளுக்கோஸ் சோடியத்தை இழுத்துப்போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹலநாபிஸ் இதை வைத்துத்தான் அத்தனை உயிர்களைக் காப்பாற்றினார்.

இப்போது மாத்திரை. வோக்லிபோஸும் சரி, அதே வகை அகார்போஸும் சரி, பார்க்கச் சர்க்கரை மாதிரியே இருக்கும் மூலக்கூறுகள். மால்டேஸ், சுக்ரேஸ், ஐசோமால்டேஸ் மூன்றும் வெட்டுகிற இடத்தில் போய் இவை உட்கார்ந்துகொள்ளும். சோறு மெதுவாகத்தான் குளுக்கோஸாகும், சாப்பிட்டபின் சர்க்கரை சட்டென்று ஏறாது. முதல் கவளத்தோடு போடச் சொல்வது அதற்காக. வெட்டுப்படாமல் பெருங்குடல்வரை போனது வாயுவாகும், அப்பாவின் வயிற்று உப்புசத்துக்கும் அதுதான் காரணம்.

வோக்லிபோஸால் மட்டும் பொதுவாகச் சர்க்கரை தாழ்ந்துபோகாது. அன்றைக்குத் தாழ்த்தியது கூடவே இருந்த கிளிமெபிரைடு, அது கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஆனால் தாழ்ந்தபிறகு நாங்கள் கொடுத்த சுக்ரோஸை வெட்ட வேண்டிய சுக்ரேஸ் மாத்திரையின் பிடியில் இருந்தது. இரண்டு டம்ளரும் குடலில் காத்துக்கொண்டிருந்தன. குளுக்கோஸை வெட்டவே தேவையில்லை, நேராகக் கதவுக்குப் போய்விடும்.

அதனால் வோக்லிபோஸோ அகார்போஸோ உள்ள மாத்திரை இருக்கும் வீட்டில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று இருக்கட்டும். உறையில் டெக்ஸ்ட்ரோஸ் என்று போட்டிருந்தால் அதுவும் குளுக்கோஸ்தான், சுக்ரோஸ் கலக்காததா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். 15 முதல் 20 கிராம் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிதான்.

அன்று ராத்திரி அம்மா விடவில்லை. "வெல்லம் கொடுத்திருந்தா?" வெல்லமும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான் அம்மா, ஆகாது. "தேன்?" தேனில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஏற்கெனவே பிரிந்தே இருக்கின்றன, வீட்டில் வேறெதுவும் இல்லையென்றால் கொடுக்கலாம். "அப்போ பால்?" பாலில் இருப்பது பீட்டா பிணைப்பு, லாக்டேஸை இந்த மாத்திரை தடுக்காது, ஆனால் ஒரு டம்ளரில் கிடைக்கும் குளுக்கோஸ் கொஞ்சம்தான். அம்மா எழுந்துபோய்ச் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் குளுக்கோஸ் டப்பாவை வைத்து, அதன்மேல் பேனாவால் பெரிதாக "அப்பாவுக்கு" என்று எழுதினார்.