ஜிம்பு, கறுத்த வெந்தயம், குந்த்ருக்: ஃபார்ன்பரோவில் நேபாளச் சமையல் பழகுகிறேன்

நேபாளச் சமையல் என்றதும் மோமோ எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் குறிப்பில் மோமோ இல்லை. இங்கிலாந்தில் நான் இருக்கிற ஃபார்ன்பரோவிலும் பக்கத்து ஆல்டர்ஷாட்டிலும் தடுக்கி விழுந்தால் மோமோ கிடைக்கிறது. அதை வீட்டில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. நான் பழக ஆசைப்பட்டது தால் பாத். சோறு, பருப்பு, ஒரு காய், கொஞ்சம் கீரை, ஓர் அச்சார். நேபாளக் கிராமத்தில் காலை பத்து மணிவாக்கில் ஒரு தடவை, இருட்டியதும் ஒரு தடவை, வருஷம் முழுக்க அதுதான் சாப்பாடு. அலுக்காதா என்று கேட்டால் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டுத் தீதிதான் குரு. நேபாளியில் தீதி என்றால் அக்கா, பஹினி என்றால் தங்கை. அவர் கணவர் பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா படையிலிருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்தின் இந்த மூலையில் இத்தனை நேபாளிகள் இருப்பதற்கே அந்தப் படைதான் காரணம். அருகிலுள்ள சர்ச் குரூக்கம் முகாமில் 2000 வரை கூர்க்காக்கள் இருந்தார்கள். 1997-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள் இங்கே குடியேறலாம் என்று 2004-இல் விதி வந்தது. அதற்கு முன்பே ஓய்வு பெற்று, குறைந்தது நான்கு ஆண்டு பணி செய்தவர்களுக்கு 2009-இல்தான் அந்த உரிமை கிடைத்தது. ஆக, வயதான காலத்தில் மலையூரை விட்டு நேராக ஹாம்ப்ஷயரில் வந்து இறங்கியவர்கள் நிறையப் பேர். அந்த வயதில் நாக்கு புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது. அதனால்தான் இங்குள்ள நேபாள மளிகைக் கடைகளில் ஜிம்பு, திமூர், குந்த்ருக், மசௌரா வடகம் எல்லாம் தாராளமாகக் கிடைக்கிறது என்பது என் கணிப்பு. உணவகங்களில் கதை வேறு. மெனு அட்டையின் முதல் பக்கம் சிக்கன் டிக்கா மசாலாவுக்கு, தால் பாத் செட் எங்கோ கடைசியில். நான் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள்.

பருப்பு

நான் திருநெல்வேலிக்காரி, தொலி உளுந்துச் சோறு தின்று வளர்ந்தவள். அதனால் தீதி கறுப்பு உளுந்தை எடுத்ததும் பழகிய இடம் என்றுதான் நினைத்தேன். நாங்கள் அரிசி, பூண்டு, தேங்காய் எல்லாவற்றையும் அதோடு சேர்த்தே வேகவைப்போம். இங்கே உளுந்து தனி ஆள். ஒரு கப் தொலி உளுந்துக்கு ஐந்து கப் தண்ணீர், தட்டிய இஞ்சி, மஞ்சள், உப்பு, அவ்வளவுதான். குக்கரில் பாதி வெந்ததும் இரும்புச் சட்டிக்கு மாற்றி, சிறுதீயில் அரைமணி நேரம். இரும்பில் கொதிக்கும்போது பருப்பு இன்னும் கறுத்துக் குழைகிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் செய்த அன்று நிறமும் வரவில்லை, அந்த லேசான இரும்பு ருசியும் வரவில்லை.

ஜிம்பு கடைசியில். வெங்காயக் குடும்பத்துச் செடி. முஸ்தாங், டோல்பா பக்கம் உயர்ந்த மலைகளில் தானாக வளர்வதைப் பறித்து நிழலில் உலர்த்துகிறார்கள். பார்வைக்குக் காய்ந்த புல். நெய்யில் காய்ந்த மிளகாய் கருகும் தறுவாயில் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகே ஒரு சிட்டிகை ஜிம்பு. இரண்டு மூன்று விநாடியில் வாசனை கிளம்பும், உடனே பருப்பில் கொட்டிவிட வேண்டும். அடுப்பு எரியும்போதே போட்டால் கருகிக் கசக்கும். ஜிம்பு கிடைக்காவிட்டால் பெருங்காயம் போடலாம் என்று பலர் எழுதுகிறார்கள். போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் அம்மா வைக்கிற பருப்பாகிவிட்டது. பூண்டு, கறிவேப்பிலை, கடுகு எதற்கும் இங்கே வேலை இல்லை. தாளிப்பு என்றால் கை தானாக அஞ்சறைப்பெட்டிக்குப் போகிறதே, அதைக் கட்டிப்போடுவதுதான் பெரிய பாடு.

உருளைக்கிழங்கு அச்சார்

அச்சார் என்றாலும் மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிற ஊறுகாய் அல்ல, அன்றன்றைக்குப் பிசைவது. வேகவைத்த உருளைக்கிழங்கு அரைக் கிலோ, வறுத்துப் பொடித்த வெள்ளை எள் நான்கு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு, பச்சை மிளகாய், உப்பு, வெள்ளரித் துண்டுகள், கொத்தமல்லி. திமூரைத் தட்டிப் போட வேண்டும். சீனர்கள் பயன்படுத்தும் சிச்சுவான் மிளகின் உறவு அது. காரம் கிடையாது, நாக்கை மரத்துப்போக வைத்துச் சுர்ரென்கிறது. அரைத் தேக்கரண்டிக்கு மேல் போனால் மற்ற ருசி எதுவும் ஏறாது.

எல்லாம் கலந்தபின் நடுவில் சின்னக் குழி செய்து அதில் மஞ்சள்தூள். கடுகெண்ணெயைப் புகையும் வரை காய்ச்சி, கொஞ்சம் ஆறவிட்டு, வெந்தயம். இங்கேதான் எனக்கும் தீதிக்கும் தகராறு. வெந்தயம் சிவந்ததும் நான் சட்டியை இறக்கப் போனேன்.

"எங்க ஓடுற பஹினி? இன்னும் ஆகல, நில்லு."

"கசக்கும் தீதி."

"கறுக்கட்டும். கறுக்காம என்ன அச்சார்?"

உண்மையாகவே கன்னங்கரேலென்று ஆகும்வரை விட்டார். நம் வீட்டில் அந்த நிலைக்குப் போன தாளிப்பைக் கொட்டிவிட்டு மறுபடி தாளிப்பார்கள். அதை அப்படியே மஞ்சள் மேல் ஊற்றிப் பிசைந்து, சற்று நேரம் ஊறவைத்துத் தின்று பார்த்தபோது கசப்பு தனியாகத் தெரியவில்லை. எள்ளின் கொழுப்பும் எலுமிச்சையின் புளிப்பும் அதை விழுங்கிவிட்டு ஒருவித வறுபட்ட வாசனையை மட்டும் மிச்சம் வைக்கின்றன. சிவந்த வெந்தயத்தோடு இன்னொரு கிண்ணம் செய்து ஒப்பிட்டேன். அது சாதாரண உருளைக்கிழங்கு சாலட். தீதி கட்சிதான் ஜெயித்தது.

கடுகெண்ணெய் வாங்கும்போது பதற வேண்டாம். இந்த நாட்டில் அந்தப் பாட்டில்கள் மேல் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கும். அதிலுள்ள எரூசிக் அமிலத்துக்காக இருக்கும் விதி அது. என்ன எழுதியிருந்தாலும் நேபாளிகளும் வங்காளிகளும் அதை வாங்குவது சமையலுக்குத்தான். அளவோடு ஊற்றுங்கள்.

குந்த்ருக்

இதற்காகத்தான் ஆரம்பித்தேன் என்றே சொல்லலாம். கீரையைப் புளிக்கவைத்துக் காயவைப்பது. ராயோ என்கிற அகன்ற இலைக் கடுகுக்கீரைதான் இதற்கு முதல் தரம். முள்ளங்கி இலையும் ஆகும். இங்கே ராயோவை வசந்த காலத்தில் விதைத்தால் நீண்ட பகலைப் பார்த்துச் சட்டென்று பூத்துவிடும், இலை தேறாது. ஆகஸ்டில் விதைத்தால் இலையிலையாகக் கொடுக்கிறது. தீதி வீட்டுக் கொல்லையில் ரோஜாச் செடி நிற்க வேண்டிய இடமெல்லாம் ராயோதான்.

பறித்த கீரையை ஒன்றிரண்டு நாள் வாடவிட்டு, நறுக்கி, சாறு கசியும் வரை இடிக்க வேண்டும். பிறகு ஜாடியில் திணிப்பது. மெதுவாக அடுக்குவது அல்ல, குத்திக் குத்தித் திணிப்பது. உள்ளே காற்று தங்கினால் பூஞ்சை வரும். உப்பு கிடையவே கிடையாது. உப்பில்லாமல் எப்படிக் கெடாமல் இருக்கும் என்று நான் இழுத்தேன். கீரையில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா, காற்றில்லாத இடத்தில் கீரைச் சாற்றைத் தின்று பெருகி, சீக்கிரமே புளிப்பை ஏற்றிவிடுகிறது. அந்தப் புளிப்பு வேண்டாத கிருமிகளை அண்டவிடாது. அதனால்தான் திணிப்பதில் இத்தனை கண்டிப்பு.

சூடு வேண்டும். அங்கே முற்றத்து வெயிலில் ஜாடி நிற்கும். இங்கே வெந்நீர் டேங்க் இருக்கிற அலமாரி. தசைன் (நேபாளிகளின் நவராத்திரி) வந்தால் தீதி ஜமரா என்கிற பூஜை முளைப்பாரிக்கு பார்லி முளைக்கவைக்கும் இருட்டு அலமாரியும் அதுவே. ஒரு வாரம் தாண்டித் திறந்தபோது அடித்த புளித்த நெடியில் என் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். தீதியோ மோந்து பார்த்து, "இன்னும் ரெண்டு நாள்" என்றார்.

காயவைப்பதுதான் இந்த நாட்டில் தலைவலி. செப்டம்பர் கடைசி வெயிலை நம்பி எதையும் விரிக்க முடியாது. அடுப்பு அவனில் ஐம்பது டிகிரியில் கதவை லேசாகத் திறந்துவைத்துக் காயவைத்தேன். காய்ந்தது, ஆனால் வீடு முழுக்க வாசனை, மின்கட்டணம் வேறு. தீதியின் வழி எளிது. வெயிலில் நிறுத்திய காரின் பின்கண்ணாடிக்குக் கீழே தட்டில் பரப்பி, ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கிவிடுவது. சருகாக நொறுங்கும் வரை காய்ந்தால் ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாம். காரில் ஏறுகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

குழம்பு வைக்க: சோயா மொச்சையை வறுத்து எடுத்துக்கொண்டு, அதே எண்ணெயில் வெங்காயம், தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு வதக்கி, ஊறவைத்துப் பிழிந்த குந்த்ருக்கைப் போட்டு, மஞ்சள், உப்பு, நிறையத் தண்ணீர். கிழங்கு வெந்ததும் இறக்கலாம். புளியோ எலுமிச்சையோ வேண்டாம், புளிப்பு கீரையிலேயே இருக்கிறது. கடையில் வாங்கிய குந்த்ருக்கோடு ஒப்பிட்டால் என்னுடையது புளிப்பில் ஒரு படி கம்மி, வாசனையில் தேவலை. மழை நாளில் சுடச்சுடச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் வேறு எதுவும் வேண்டியதில்லை.

மற்றவை, சுருக்கமாக

தீண்டோ கிண்டினேன். கேழ்வரகு மாவில் செய்தால் நம் களியேதான், அதற்குப் பதில் பக்வீட் என்கிற மலைத் தானிய மாவில் செய்தால் இன்னும் பிசுபிசுப்பு. தொட்டுக்கொண்டு விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. குந்த்ருக் குழம்போடு அருமை, தனியாக எனக்கு ஒட்டவில்லை.

திகாருக்கு, அதாவது அவர்கள் தீபாவளிக்கு, செல் ரோட்டி. ஊறிய பச்சரிசியை அரைத்து, சர்க்கரை, நெய், ஏலக்காய் சேர்த்து, மாவைக் கையால் வளையமாக எண்ணெயில் விடுவது. என் கிரைண்டரைப் பார்த்ததும் தீதிக்கு உற்சாகம் தாங்கவில்லை, தெருவில் இருக்கிற அத்தனை நேபாள வீட்டு அரிசியும் அன்று என் சமையலறையில். இட்லிக்கு அரைக்கிற மாதிரி நைசாக விட்டால் வளையம் வழவழவென்று வருகிறது, அந்தச் சொரசொரப்பு வருவதில்லை. கொஞ்சம் குறுணையாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். வளையம் வட்டமாக வருவது கைப்பழக்கம். என்னுடையவை இன்னும் ஆஸ்திரேலியா வரைபடம் மாதிரிதான் இருக்கின்றன, ருசிக்குக் குறைவில்லை.

அடுத்தது சிங்கி, அதாவது முள்ளங்கிக் கிழங்கைப் புளிக்கவைப்பது. முறைப்படி மண்ணில் குழி தோண்டி, வைக்கோல் பரப்பி மூட வேண்டும். வாடகை வீட்டுப் புல்தரையில் குழி தோண்ட வீட்டு உரிமையாளரிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை, அதனால் ஜாடிதான். முள்ளங்கி வாங்கிவிட்டேன், இப்போது வாடிக்கொண்டிருக்கிறது.