ஏஜென்சிக்கு வாடிக்கையாளர் பிடிக்க மூன்று நிமிட வீடியோ

ஆன்லைன் விளம்பர ஏஜென்சி தொடங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி’ என்ற சொல்லுக்கே கூகுளில் விளம்பரம் கொடுப்பது. அந்தச் சொல்லின் விளம்பர இடத்துக்கு நடக்கும் ஏலத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாருக்கும் இதுதான் தொழில். க்ளிக் விலை எப்படி இறங்கும்? க்ளிக் செய்கிறவர்களிலும் வேலை தேடுபவர்கள், கோர்ஸ் தேடுபவர்கள், வேவு பார்க்கும் போட்டியாளர்கள் கலந்திருப்பார்கள்.

அந்தக் காசை மிச்சம் பிடித்து, ஏற்கெனவே விளம்பரத்துக்குச் செலவழிக்கும் நிறுவனங்களுக்கு ஆளுக்கொரு மூன்று நிமிட ஆடிட் வீடியோ, அதாவது அவர்கள் விளம்பரத்தை அலசிக் காட்டும் திரைப் பதிவு, அனுப்புங்கள். ‘விளம்பரம் தேவை’ என்று அவர்களுக்குப் புரியவைக்கும் பாடு உங்களுக்கு இல்லை.

ஆள் தேட மெட்டா ஆட் லைப்ரரி போதும்; ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை யாரும் தேடிப் பார்க்கும் தளம் அது. நாட்டையும் ‘எல்லா விளம்பரங்களும்’ என்பதையும் தேர்ந்து, தொழிலின் பெயரைப் போட்டால் இப்போது ஓடும் விளம்பரங்கள், தொடங்கிய தேதியோடு வரும். கூகுள் விளம்பரங்களுக்கு அதேபோல் 2023இல் வந்த ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர் இருக்கிறது. சாதாரண வணிக விளம்பரத்துக்கு எவ்வளவு செலவானது என்று இவற்றில் தெரியாது. ஆறு மாதமாக ஓடுகிறதே, அப்படியானால் லாபம்தான் என்று கணக்குப் போடாதீர்கள். நிறுத்த மறந்துபோனதாகவும் இருக்கலாம்.

அடுத்து, விளம்பரம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று போனில், மொபைல் டேட்டாவில் பாருங்கள். கூகுள் தேடலில் அவர்கள் விளம்பரத்தையே தட்டிப் பார்க்காதீர்கள், அது அவர்கள் காசு. முகவரியை நேராக டைப் செய்யுங்கள். படிவத்தில் பொய்ப் பெயர் போட்டு அனுப்புவதும் வேண்டாம்; அங்கே ஒருவர் அந்த நம்பருக்கு உட்கார்ந்து போன் செய்வார், அவர்களுடைய கன்வெர்ஷன் கணக்கும் (விளம்பரம் பார்த்து எத்தனை பேர் விசாரித்தார்கள் என்பது) கெடும்.

அடிக்கடி அகப்படுவது இதுதான்: விளம்பரத்தில் ‘முதல் ஆலோசனை இலவசம்’ என்று இருக்கும், திறக்கும் முகப்புப் பக்கத்தில் அந்த வார்த்தையே இருக்காது. தொலைபேசி எண் படமாக ஒட்டப்பட்டிருக்கும், தட்டினால் அழைப்பு போகாது. வேகத்துக்கு, கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் எல்சிபி (பக்கத்தின் பெரிய பகுதி திரையில் தெரிய ஆகும் நேரம்) பாருங்கள், 2.5 விநாடிக்குள் நன்று, 4ஐத் தாண்டினால் மோசம். வீடியோவில் அந்த விநாடிக் கணக்கை ஒப்பிக்காதீர்கள். பக்கம் வெள்ளையாகவே நிற்பதை வெட்டாமல் காட்டுங்கள், போதும்.

ரெக்கார்டிங்கின் முதல் பத்து விநாடியில் அவர்கள் விளம்பரமே திரையில் இருக்கட்டும். நன்றாக இருப்பது ஒன்று, கோளாறு இரண்டு, அதில் ஒன்றைச் சரிசெய்யும் வழி முழுசாக. ஏழெட்டுக் குறை அடுக்கினால், அந்த விளம்பரத்தைச் செய்தவரே பார்க்கிறார் என்றால், கதை அங்கேயே முடிந்தது.

அனுப்புவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நாளுக்கு ஐந்து போதும். ஒரே வாசகத்தை ஐந்நூறு பேருக்குத் தள்ளினால் ஸ்பேமில் விழும், டொமைனின் பெயரும் கெடும். மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகள் மூன்றையும் முதலிலேயே அமைத்துவிடுங்கள். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இவை கட்டாயம்; கொஞ்சமாக அனுப்புகிறவருக்கும் இவை இருந்தால் இன்பாக்ஸில் விழ வாய்ப்பு கூடும். வீடியோவை இணைக்காமல் லிங்க் கொடுங்கள். சுருக்கிய லிங்க் வேண்டாம். முன்அனுமதி இல்லாத வணிக மெயில் சில நாடுகளில் சட்ட மீறல், அங்கே அனுமதி கிடைத்தபின் அனுப்புங்கள்.

இருபது வீடியோ சேர்ந்ததும், ஒரே தொழிலில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளைப் பெயர் சொல்லாமல் ஒரு பதிவாக எழுதலாம். அந்தத் தொழில்காரர்கள் கூகுளில் தேடி வருவார்கள்.

எது வேலை செய்தது என்று அறிய, அவர்கள் உங்களைத் தொடர்புகொள்ளத் தரும் வாட்ஸ்அப் லிங்க்கில், தட்டினால் தானாக வரும்படி முன்கூட்டியே வாசகம் எழுதிவைக்கலாம். வீடியோவுக்கு ‘ஆடிட் பார்த்தேன்’, பதிவுக்கு ‘பதிவு படித்தேன்’. யுடிஎம் குறிகளை (ஆள் எங்கிருந்து வந்தார் என்று அறிய லிங்க்கின் வாலில் சேர்ப்பவை) எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே போடுங்கள். பெரிய எழுத்து கலந்தால், வருகையாளர்களை எண்ணும் கூகுள் அனலிடிக்ஸ் அதை வேறொன்றாக எண்ணும். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்க்கில் யுடிஎம் போடவே கூடாது. போட்டால், ஆள் உண்மையில் எங்கிருந்து வந்தார் என்ற தடயம் குழம்பிவிடும்.